பன்னிரண்டு ஏழுக்குப் பதிவான வெங்காயம்

நவம்பர் 5, செவ்வாய்

புதுப் பார்ட்டி ஒன்று வந்திருக்கிறது. பெயர் அறிவுக்கொடி. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமம். நாற்பது விவசாயிகளின் சின்ன வெங்காயத்தை ஒன்றுசேர்த்து மலேசியாவுக்கு, கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்பப் போகிறார். இதுவரை திருச்சி மண்டிக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களாம். ஏற்றுமதி லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது, இதுதான் முதல் லோடு.

இன்று போனில் அரை மணி நேரம் கேள்வி கேட்டார்.

"அண்ணே, உங்க வேலை என்னன்னு ஒரு வரியில சொல்லுங்க. ஊர்ல கேக்கறாங்க, தூத்துக்குடிக்காரருக்கு எதுக்குக் கூலின்னு."

"உங்க வெங்காயம் கப்பல் ஏறணும்னா சுங்க இலாகா சரின்னு சொல்லணும். அதுக்கு ஷிப்பிங் பில்லுன்னு ஒண்ணு கம்ப்யூட்டர்ல போடணும். அந்தப் பேப்பர் வேலைக்குத்தான்மா நாங்க."

"சரிண்ணே. நீங்க சொல்றபடி செய்யறேன். ஆனா எதைச் செய்தாலும் ஏன் செய்யறோம்னு சொல்லிருங்க. அது தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

இப்படிப் பேசுகிற பார்ட்டிகள் அபூர்வம். முக்கால்வாசிப் பேர் கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறேன். என் கையால் போன பில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு நல்ல கையாகத்தான் வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மொட்டைமாடித் தொட்டியின் மிதவை வால்வு மறுபடி போய்விட்டது. தண்ணீர் வழிந்து தெருவுக்கு ஓடுகிறது.

நவம்பர் 7, வியாழன்

வெங்காயத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. லாரி இரண்டும் இன்று ராத்திரி கிளம்பும். நாளைக் காலை சுங்க யார்டில் கன்டெய்னரில் ஏற்றி, பில் போட்டு, ஞாயிறன்று கப்பல். அறிவுக்கொடி லாரி முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தார். பக்கத்தில் ஏழெட்டுப் பேர். மாலை இல்லை, தேங்காய் இல்லை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் இல்லை. முதல் லோடு, ஒரு சூடமாவது காட்டியிருக்கலாம். சின்ன வயசு, சொல்லித்தர ஆளில்லை போலிருக்கிறது.

வால்வு வாங்க மறந்துவிட்டேன். வீட்டுக்காரி இசக்கி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்தால் நாளைக்குச் சேர்த்துச் சொல்வாள்.

நவம்பர் 8, வெள்ளி

9.40-க்கு லாரிகள் யார்டு வாசலுக்குள் நுழைந்தன. இருபத்தாறு டன். இரண்டு மாதம் வயலோரப் பட்டறையில், மூடிவைத்த குவியலாகக் கிடந்து நன்றாகக் காய்ந்த சரக்கு. ஒரு பையைப் பிரித்துக் கையில் அள்ளினேன், சலசலவென்று சத்தம். 10.12-க்கு பில்லின் செக்லிஸ்டை, பதிவுக்கு முன் பார்ட்டி சரிபார்க்கிற நகலை, அடித்து அறிவுக்கொடிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 10.15-க்கு "எல்லாம் சரிண்ணே, போட்டுருங்க" என்று பதில் வந்தது.

பில் பதிவான நேரம் 12.07. சர்வர் மெதுவாக இருந்தது.

12.30-க்கு முதலாளி மச்சாது தன் அறையிலிருந்து எழுந்து வந்து, "பெருமாளு, வெங்காயம் போச்சுப்பா" என்றார். டெல்லியில் ஏற்றுமதித் தடை போட்டுவிட்டார்கள். உடனடி அமல். இணையதளத்தில் ஏறிய நேரம் 11.20.

வடக்கே பெரிய வெங்காயம் விலை ஏறிவிட்டது. அங்கே சமையலறைகளில் சின்ன வெங்காயத்தை யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் சுங்கப் புத்தகத்தில் பெரியதற்கும் சின்னதற்கும் எண் ஒன்றுதான். பெரியவன் செய்த குற்றத்துக்குச் சின்னவனும் உள்ளே. விலை விழுந்தால் ஏற்றுமதி செய் என்பார்கள், ஏறினால் நிறுத்து என்பார்கள். இரண்டுக்கும் நடுவே விதைத்தவன் என்ன செய்வான் என்று யாரும் கேட்பதில்லை.

அறிவிக்கையை மூன்று முறை படித்தேன். 11.20-க்கு முன் பில் பதிவாகியிருந்தால் சரக்கு போகலாம். நாங்கள் 12.07. நாற்பத்தேழு நிமிஷம்.

அறிவுக்கொடிக்கு நான்தான் சொன்னேன். எத்தனை மணிக்குத் தடை என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, "பத்தேகாலுக்கே சரின்னு சொன்னேனே அண்ணே?" என்றார்.

"சர்வரும்மா" என்றேன்.

நவம்பர் 9, சனி

காலையிலிருந்து மழை. யார்டில் கன்டெய்னர் கதவை ஒரு பக்கம் திறந்து வைக்கச் சொல்லி, சாரல் அடிக்காமல் தார்ப்பாய் கட்டிவிட்டு வந்தேன். வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், ஈரம் கூடாது. தூத்துக்குடியில் இந்த மாதத்தில் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

அறிவிக்கையில் ஒரு மூன்றாவது பிரிவு இருக்கிறது. சரக்கு தடைக்கு முன்பே சுங்க எல்லைக்குள் வந்து, ஆவணங்கள் எல்லாம் தயாராக இருந்து, ஏற்றுமதியாளரின் தவறு இல்லாத காரணத்தால் பில் தாமதமாகியிருந்தால், அதிகாரி விசாரித்து அனுமதிக்கலாம். இதைக் கண்டுபிடித்தவன் நான். முதலாளி முதுகில் தட்டினார். உடனே ஒரு விளக்கக் கடிதம் எழுதி, அறிவுக்கொடியின் கையெழுத்தை வாட்ஸ்அப்பிலேயே வாங்கிப் போட்டு அனுப்பினோம். காரணம்: சர்வர் கோளாறு.

நான் எழுதியதைப் படித்துப் பார்த்துத்தான் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார். "சர்வர் கோளாறுன்னா அதுக்கு அவங்ககிட்டயே கணக்கு இருக்குமில்லண்ணே, சுலபமா ஒத்துக்குவாங்க" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கப்பல் போய்விட்டது. கடற்கரைப் பக்கம் போகவில்லை. மிதவை வால்வு மாற்றினேன். இசக்கிக்கு முழங்கால் வலி, மீன் வாங்க நானே போனேன். ஊளி சரியில்லை, சாளைதான் கிடைத்தது. உரிக்கச் சொல்லி இசக்கி உள்ளியை, அதே சின்ன வெங்காயத்தை, கையில் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கு ஒரு காரணமும் எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 11, திங்கள்

சுங்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளியன்று காலை முழுக்கச் சர்வர் சரியாக வேலை செய்திருக்கிறது என்று ஆதாரத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஆகவே கொடுத்த விளக்கம் பொய். ஏற்றுமதியாளர் வாங்குபவரிடம் விலை பேசி இழுத்தடித்துவிட்டு, தடை வந்ததும் அவசரமாகப் பில் போட்டிருப்பதாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். தவறினால் சரக்குத் திருப்பி அனுப்பப்படும், பொய்த் தகவல் தந்ததற்காக ஏற்றுமதியாளரின் லைசென்ஸ் ரத்து செய்யப்படலாம்.

ஏற்றுமதியாளர் என்றால் அறிவுக்கொடி. கடிதத்தில் இருப்பது அவர் கையெழுத்து.

முதலாளி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். மச்சாது நல்ல மனுஷர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் கஷ்டம்.

"அன்னைக்குப் பத்தே முக்காலுக்குத் தீப்பெட்டி பில்லு ஒண்ணு போயிருக்கு பெருமாளு. நம்ம ஆபீஸ்ல இருந்து. உன் கம்ப்யூட்டர்ல இருந்து."

"அது போயிட்டு சார். இது போவல."

"சர்வருக்குத் தீப்பெட்டி பிடிக்கும், வெங்காயம் பிடிக்காதோ?"

சுங்கக் கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன். அவர் மேசை டிராயரைத் திறந்து மூடினார். எங்கள் ஆபீசின் லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. சுங்க அலுவலகத்துக்குள் நுழைகிற அட்டை என் பெயரில் இருக்கிறது. இரண்டையும் பற்றித்தான் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.

மாலையில் அறிவுக்கொடி கூப்பிட்டார். "அண்ணே, நீங்க அனுப்புன செக்லிஸ்ட் எங்கிட்ட இருக்கு. நான் சரின்னு சொன்ன நேரமும் இருக்கு. பத்தேகால். நான் இழுத்தடிக்கலைன்னு காட்ட அது போதாதா?"

போதும். அது ஒன்றே போதும். ஆனால் அதைக் காட்டினால் அடுத்த கேள்வி என்னிடம் வரும்.

"அதெல்லாம் வெறும் பேப்பரும்மா. அவங்க ஏத்துக்க மாட்டாங்க" என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

அறிவுக்கொடி பெரம்பலூரிலிருந்து நேரிலேயே வந்துவிட்டார். விடியற்காலை பஸ் பிடித்து, மதுரையில் மாறி, மத்தியானம் வந்து சேர்ந்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் தாலி இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. முதலில் மனசுக்குள் ஐயோ பாவம் என்று நினைத்தேன். பிறகு பேச்சோடு பேச்சாக வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டப் போயிருப்பதாகச் சொன்னார்.

யார்டுக்குக் கூட்டிப் போனேன். கன்டெய்னருக்குள் ஏறி, முன்வரிசைப் பைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். நான்காவது பையில் கை வைத்ததும் நிறுத்தினார். ஒரு வெங்காயத்தில் பச்சையாக முளை எட்டிப் பார்த்தது.

"இன்னும் பத்து நாள் தாங்கும். அதுக்கு மேல கஷ்டம்" என்றார். அழுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை. முளைவிட்ட வெங்காயத்தைக் கிள்ளி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாப்பது வீடுண்ணே. மண்டிக்காரன் பாதி விலை கேட்டப்பக்கூட, அறிவு சொல்லுதுன்னு எனக்காகப் பட்டறையைப் பிரிக்காம வெச்சிருந்தாங்க. இப்ப சரக்கு திரும்பி வந்தா அதே மண்டிக்குத்தான் போவணும். தடைன்னு தெரிஞ்சா கால் விலை கேப்பான். காசுகூடப் போவட்டும், அடுத்த தடவ நான் சொன்னா யாரு கேப்பா?"

ஆபீஸ் எதிரே டீ வாங்கிக் கொடுத்தேன். மக்ரூன் சாப்பிட்டதில்லை என்றார், ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

பேச்சை மாற்றுவதற்காக, "எல்லாம் நேரம்மா. வீட்டுல ஜாதகம் கீதகம் பாத்தீங்களா, ஏதும் சரியில்லையோ?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "எங்க வீட்ல அதெல்லாம் கிடையாதுண்ணே. அப்பா பகுத்தறிவுக்காரரு. அவருக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்ததே ராகு காலத்துல. வேணும்னே அந்த நேரமாப் பாத்து வெச்சாராம். எனக்கும் அப்படித்தான். புது வீட்டுக்குப் போனதும், கெணறு வெட்டுனதும் எல்லாம் ராகு காலம்தான். அது எங்களுக்கு ஒரு பழக்கம்."

டீ ஆறிப்போய்விட்டது. நான் குடிக்கவில்லை.

நவம்பர் 13, புதன்

மழை. ஆபீஸ் போனேன், வந்தேன்.

நவம்பர் 14, வியாழன்

எழுதிவிடுகிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். செக்லிஸ்ட் சரி என்று பதில் வந்தபோது 10.15. பில்லை அனுப்ப ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அந்த நேரம் பார்த்து யார்டிலிருந்து ஒரு போன், ஒரு எடைச்சீட்டுக் குழப்பம். பேசி முடித்து நிமிர்ந்தபோது 10.33. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். முதல் லோடு. பன்னிரண்டுக்கு மேல் போடலாம், கப்பல் ஞாயிற்றுக்கிழமைதானே என்று நினைத்தேன். இடையில் தீப்பெட்டி பில் போட்டேன். அந்தப் பார்ட்டிக்கு அது அறுபத்தோராவது லோடு, அதற்கு நேரம் பார்ப்பதில்லை. பன்னிரண்டு அடித்ததும் உடனே போடவில்லை. ஏழு நிமிஷம் தள்ளி, நல்ல நேரம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று போட்டேன். அந்த ஏழு நிமிஷத்தை நினைத்தால்தான் எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இதில் எனக்கு நம்பிக்கை உண்டா என்றால், பெரிதாக இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு பார்ட்டியின் முதல் லோடை ராகு காலத்தில் போட்டுவிட்டேன். சரக்கு வழியில் நனைந்து வந்த நஷ்டத்துக்கு அவர் ஆபீஸில் நின்று என்னைத்தான் ஏசினார். அன்றிலிருந்து முதல் லோடு என்றால் கை தானாக நிற்கும். கேட்டால் எங்கள் தெருவில் பாதி ஏஜென்ட் ஆபீசில் இந்தப் பழக்கம் உண்டு. யாரும் வெளியே சொல்வதில்லை, கணினியும் காட்டிக்கொடுப்பதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் டெல்லியில் ஒன்றும் நடந்ததில்லை.

அறிவுக்கொடி கேட்கவே இல்லை. அவருக்கு நல்லது நடக்கட்டும் என்று நானாகவே செய்தேன். மற்ற பார்ட்டிகளைவிட அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது, அதனால்தான் கூடுதல் கவனம். இதை எழுதும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. படித்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

சாயங்காலம் முதலாளியிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஏ பெருமாளு, நான் மாதா கோயிலுக்குப் போறவன். என் ஆபீஸ்ல ராகு காலம் பாத்தேன்னு எழுதிக் குடுக்கப் போறியா?"

"ஆமா சார்."

"கார்டைப் புடுங்கிருவாங்கடா. உனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. எனக்கும் நோட்டீஸ் வரும்." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "வேற வழியே இல்லியா?"

"செக்லிஸ்ட அந்தப் பொண்ணு காட்டுனா அதோட பேரு தப்பிச்சிரும் சார். ஆனா பத்தேகால்ல இருந்து பன்னெண்டு ஏழு வரை என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லணும். நான் சொல்லலன்னா, ரெண்டு பேரும் சேந்து நாடகம் ஆடுதோம்னுதான் நினைப்பாங்க."

"சொல்லு" என்றார் முதலாளி. பிறகு, "சுத்தி வளைக்காம சொல்லு" என்றார்.

அறிவுக்கொடி பஸ் நிலையத்துக்கு அருகே லாட்ஜில் தங்கியிருக்கிறார். இன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். லாட்ஜ் வாசல் வரை போனேன். ரிசப்ஷனில் இருந்தவர் யாரைப் பார்க்கணும் என்று கேட்டார். தெரியாமல் வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நவம்பர் 15, வெள்ளி

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணி என்ன நேரம் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதிகாரி வயதில் சிறியவர், மெதுவாகப் பேசினார். பிற மாநிலத்துக்காரர் என்றாலும் தமிழ் நன்றாக வருகிறது. மேசையின் இந்தப் பக்கம் அறிவுக்கொடி, நான், பின்னால் முதலாளி. நான் செக்லிஸ்டையும் அவர் 10.15-க்கு அனுப்பிய பதிலையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். அறிவுக்கொடி திரும்பி என்னைப் பார்த்தார். வெறும் பேப்பர் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

"அப்ப பத்தேகாலுக்கு எல்லாம் தயார். சர்வரும் சரியா இருந்திருக்கு. பில் ஏன் பன்னெண்டு ஏழுக்கு?"

"ராகு காலம் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் பாத்தாங்க? இவங்களா?"

"இல்ல சார். இவங்க கேக்கல. இவங்களுக்குத் தெரியவும் தெரியாது. நானாப் பாத்தேன். சர்வர்னு கடிதத்துல எழுதுனதும் நான்தான். நான் சொன்னத நம்பித்தான் இவங்க கையெழுத்துப் போட்டாங்க."

"ஆனா பத்து நாப்பத்தஞ்சுக்கு நீங்களே ஒரு தீப்பெட்டி பில் போட்டிருக்கீங்க. தீப்பெட்டிக்கு ராகு காலம் கிடையாதா?"

"அது அறுபத்தோராவது லோடு சார். இது முத லோடு."

முதலாளி இருமினார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்ட மாதிரி தெரிந்தது. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க. என்ன விளைவு வரும்னு தெரியுமில்ல?" என்றார்.

தெரியும் என்றேன். எழுதினேன். ஆயிரக்கணக்கில் பில் போட்ட கை, ஒரு பக்கம் எழுத முக்கால் மணி நேரம் பிடித்தது.

அறிவுக்கொடி எனக்கு முன்னால் படியிறங்கினார். மழை விட்டிருந்தது. குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் செய்யறோம்னு சொல்லிருங்கன்னு முத நாளே கேட்டேனே அண்ணே."

"நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா..."

"யாரக் கேட்டுக்கிட்டு எனக்கு நல்ல நேரம் பாத்தீங்க?"

சத்தமாகக் கேட்கவில்லை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டார். மன்னிச்சிருங்கம்மா என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் இசக்கியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நம்ம கல்யாணத்துக்கு எங்கய்யா எவ்வளவு நல்ல நேரம் பாத்தாவ. அப்படியும் எனக்கு நீங்கதான வாச்சிய" என்றாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ச் சூடாகக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

நவம்பர் 18, திங்கள்

உத்தரவு வந்தது. ஏற்றுமதியாளரின் தவறு எதுவும் இல்லை என்பதால் சரக்கை அனுப்ப அனுமதி. லைசென்ஸ் மீது நடவடிக்கை இல்லை. அடுத்த பக்கத்தில்: பொய்யான விளக்கம் தயாரித்ததற்காகச் சிவபெருமாள் என்பவரின் அட்டை ஆறு மாதம் நிறுத்திவைக்கப்படுகிறது, ஏஜென்ட் நிறுவனத்துக்கு எச்சரிக்கை.

முதல் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். அடுத்த பக்கத்தை முதலாளி படித்தார்.

"ஆறு மாசம் ஆபீஸ்ல உக்காந்து ஃபைல் அடுக்கு. சம்பளத்தப் பத்திக் கவலப்படாத" என்றார். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். இத்தனை வருஷமாகச் சட்டையில் அது உரசிய இடம் வெளிறிக் கிடக்கிறது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 21, வியாழன்

கன்டெய்னர் கப்பல் ஏறியது. ஏற்றுவதற்கு முன் முளைவிட்டதையெல்லாம் பொறுக்க ஊரிலிருந்து ஆறு பேர் வேனில் வந்திருந்தார்களாம். அட்டை இல்லாததால் நான் உள்ளே போகவில்லை. முதலாளியே போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

டிசம்பர் 3, செவ்வாய்

மத்தியானம் அறிவுக்கொடி கூப்பிட்டார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் குரல் கேட்கிறேன். ஃபைலை அப்படியே போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

"அண்ணே, சரக்குப் போய்ச் சேந்துருச்சு. ஒன்றரை டன் கழிச்சுட்டாங்க, மிச்சம் எடுத்துக்கிட்டாங்க. தடை எடுத்ததும் ரெண்டாவது லோடு வேணும்னு கேட்டிருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். நிஜமாகவே அப்படி ஒரு சந்தோஷம். என் சொந்த வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது. தடை எடுப்பதற்குள் என் ஆறு மாதமும் முடிந்துவிடும், ரெண்டாவது லோடு பில்லை நானே போடலாம் என்றுகூட அதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

"இன்னொண்ணும் சொல்லணும்ண்ணே. வேற ஆள் வழியா உங்க காதுக்கு வரக்கூடாது, நானே சொல்லிரணும்னுதான் கூப்பிட்டேன். அடுத்த லோடுக்கு வேற ஏஜென்ட் பாத்துட்டோம்."

வராந்தாவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கோவத்துல சொல்லலண்ணே. அன்னைக்கு நீங்க உள்ளதச் சொல்லலேன்னா எங்க சரக்கும் போயிருக்காது, எம்பேரும் போயிருக்கும். ஊர்லயும் அதத்தான் சொன்னேன். ஆனா நாப்பது பேருக்கு நான் பதில் சொல்லணுமில்ல."

"சரியாத்தாம்மா செஞ்சிருக்கீங்க. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்." சொன்னபோது குரல் உடைந்தது. அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

யார் என்று கேட்டேன். பெயர் சொன்னார். எனக்குத் தெரிந்தவர்தான், இரண்டு தெரு தள்ளி ஆபீஸ். நல்ல வேலைக்காரர், நாணயமானவர்.

"அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுதேன். நீங்க செக்லிஸ்ட் சரின்னு சொன்ன பத்தாவது நிமிஷம் போன் பண்ணி, பில் நம்பர் என்னன்னு கேளுங்க. நம்பர் கைக்கு வர்ற வரை கேட்டுக்கிட்டே இருங்க. சர்வர் அது இதுன்னு சொன்னா நம்பாதீங்க."

"ஏண்ணே, அவரும் நல்லவருன்னுதானே சொல்றீங்க?"

"நல்லவருதாம்மா. அதுக்குத்தான் சொல்லுதேன்."

அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பில் நம்பர், பத்து நிமிஷம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.